வலிகாமம் இடப்பெயர்வு 1995: அந்த இரவில் பிள்ளைகளைக் கொண்டுபோன விதம்

தொகுப்பவர்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை (யாழ் குடாநாட்டின் மேற்குப் பகுதி, யாழ் நகரமும் இதற்குள்) விட்டு வெளிக்கிட்ட சனம் ஏறத்தாழ 5 இலட்சம். அதில் பிள்ளைகளாகப் போனவர்களுக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது. அவர்களிடம் கேட்டால் மழை, இருட்டு, முன்னால் போனவரின் முதுகு, அம்மாவின் சீலைத் தலைப்பு என்று துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஆறு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில் அந்த இரவு முழுக்க இடுப்புகளும் சைக்கிள் சில்லுகளும்தானே. அந்தத் துண்டுகளைப் பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால், பெரியவர்கள் அன்றைக்குக் கையால் என்னென்ன செய்தார்கள் என்பது தெரிய வேண்டும். பிள்ளையை எதில் எப்படி இருத்தினார்கள், என்ன தின்னக் கொடுத்தார்கள், தண்ணீருக்கு என்ன செய்தார்கள், எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது. விசயம் தெரிந்தவர்கள் அதை எழுதுங்கள். சொந்தக் கதைகளுக்கு இன்னொரு நாள் இடம் ஒதுக்குவோம்.

தெரியாதவர்களுக்காக: ஒக்ரோபர் 17 அன்று இலங்கை இராணுவத்தின் ‘ரிவிரெச’ (சூரியக்கதிர்) படை நடவடிக்கை தொடங்கியது. 30 ஆம் திகதி, ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களில் வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி புலிகள் அறிவித்தார்கள். அன்று திங்கட்கிழமை. வலிகாமம் வடக்குச் சனம் பலருக்கு 1990 இலிருந்து இது இரண்டாவதோ மூன்றாவதோ இடப்பெயர்வு. மூட்டை கட்டத் தெரிந்த கைகள் அவை. மற்றவர்களுக்கு முதல் தடவை.

சைக்கிள் திருத்துபவர்

முதலில் ஏன் சைக்கிள் என்று சொல்ல வேணும். 1990 இலிருந்து அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். ஸ்ரார்ட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விடுவார்கள், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். நின்று நின்று ஊர்கிற நெரிசலுக்கு அந்த எஞ்சின் சரிவராது. நிப்பாட்டி ஆறவிட்டால் திரும்பவும் பெற்றோல் வேணும், பிளக்கில் கரி பிடிக்கும். ட்ரக்டர், லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு ட்ரக்டர்) வைத்திருந்தவர்கள் கொஞ்சப்பேர். மிச்சச் சனத்துக்குச் சைக்கிள்தான்.

28 அங்குலச் சில்லு, பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிள். ஏறி உழக்க இடமில்லை, தள்ளத்தான் வேணும். தள்ளுகிற சைக்கிளுக்குப் பாரம் ஏற்றுகிற முறை வேறு. கனபேர் பிழைவிட்டது இங்கேதான். 25 கிலோ அரிசியைப் பின் காரியரில் கட்டினால் முன்சில்லு லேசாகி ஆடும், கைபிடி சொல்வழி கேளாது, பள்ளத்தில் இறங்கினால் சைக்கிள் பின்பக்கமாகக் குந்தும். பின் ஸ்போக்கும் ஒன்றொன்றாக அறும். அரிசியைப் பார் முக்கோணத்துக்குள் செருக வேணும். உரப்பையை முழுக்க நிரப்பாமல், மடித்துச் செருகக்கூடிய அளவுக்கு விட்டு, மேல்பாரிலும் ஆசனக் கம்பியிலும் கயிறு போட்டால் பாரம் இரண்டு சில்லுக்கும் பங்காகும். பெடல் மூட்டையில் தட்டும், ஆனால் முன்னுக்குத் தள்ளும்போது பெடல் சுற்றத் தேவையில்லை, அதனால் பரவாயில்லை. பாயும் உடுப்பும் காரியரில். கைபிடியில் ஒரு பக்கம் தண்ணிக் கான், மற்றப் பக்கம் சட்டி பானை. தண்ணி குடிக்கக் குடிக்கக் கான் பக்கம் லேசாகி, சைக்கிள் சட்டி பானைப் பக்கம் இழுக்கும். ஏன் இழுக்குது என்று விளங்காமல் மணித்தியாலக் கணக்காக மல்லுக்கட்டினால் தோள்மூட்டுப் போய்விடும்.

இனிப் பிள்ளை. மூன்று வயதுக்குக் கீழே என்றால் சைக்கிளில் வைக்கிற கதை வேண்டாம், சீலையால் உடம்போடு கட்டித் தூக்கத்தான் வேணும். மூன்றிலிருந்து ஆறு வரை பாரில். துவாயை மடித்துப் பாரைச் சுற்றிக் கட்டாவிட்டால் அரை மணித்தியாலத்தில் தொடை விறைத்துப் பிள்ளை அழத் தொடங்கும். உழக்கிக்கொண்டு போகும்போது பாரில் இருக்கிற பிள்ளையின் இரண்டு காலும் வழமையாக இடப்பக்கம் தொங்கும். தள்ளுகிற ஆள் நடப்பதும் இடப்பக்கம்தான். கால் இடிபடும் என்பதால் பிள்ளையை வலப்பக்கம் திருப்பி இருத்துவார்கள். பழகாத பக்கம், பிடி தளரும், பிள்ளைக்குப் பயம் வரும். “அப்பா என்னை மறுபக்கமாக இருத்தினார்” என்று யாராவது சொன்னால் அந்த நினைவை நம்பலாம்.

பயத்தை விடப் பெரிய பிரச்சினை நித்திரை. நித்திரையானால் பிள்ளை சரியும். அக்குளுக்குக் கீழே சீலைத்துண்டைச் சுற்றி ஆசனக் கம்பியில் கட்டலாம். கழுத்துப் பக்கம் ஏறக்கூடாது. முடிச்சு ஒரே இழுவையில் அவிழ வேணும், ஏனென்றால் நகரத்திலிருந்து நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற வழியில், செம்மணியில் இரண்டு பக்கமும் வெளியும் தண்ணியும். சைக்கிள் கரையால் சரிந்தால் பிள்ளையும் சைக்கிளோடு போகும்.

ஆறுக்கு மேலே என்றால் நடைதான். காரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தள்ளுகிற ஆளின் பக்கமாக. மற்றப் பக்கத்தில் விட்டால் மூட்டை மறைக்கும். பிள்ளை கையை விட்டதே தெரியாது.

காற்றுப் போனால்? ரியூப் ஒட்டுகிற சொலூசன் கிடையாத காலம். ரியூபைக் கழற்றி எறிந்துவிட்டு ரயருக்குள் வைக்கோலோ பழந்துணியோ இறுக்கித் திணித்துக் கட்டினால் தள்ளிப் போகலாம். இடைவெளி விட்டுத் திணித்தால் அந்த இடத்தில் றிம் அடிபட்டு வளையும். மட்காட்டுக்குள் சேறு இறுகிச் சில்லு நின்றால் குச்சியால் தோண்டிக்கொண்டு நிற்கக்கூடாது, மட்காட்டைக் கழற்றிவிடுவது கெதி.

கைதடிப் பக்கத்தவர்

“நாவற்குழிப் பாலம்” என்று எல்லாரும் ஒரே பாதையாகச் சொல்கிறார்கள். திருத்தமாகச் சொன்னால் மூன்று வாசல்கள். யாழ் நகரம், நல்லூர், அரியாலைப் பக்கத்துச் சனம் கண்டி வீதியால் செம்மணி கடந்து நாவற்குழிக்கு. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்தவர்களுக்குக் கோப்பாய் – கைதடி வீதி. வல்லைவெளியால் வடமராட்சிக்குப் போனவர்களும் உண்டு. உங்களிடம் நினைவு சொல்பவர் எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள். கோப்பாயால் போன பிள்ளைக்குச் செம்மணி வெளி நினைவில் இருக்க நியாயமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து, பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியிலுள்ள சாவகச்சேரி 15 கிலோமீற்றரை ஒட்டிய தூரம். நாளாந்தம் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துப் பாதை. அன்றிரவு வெளிக்கிட்டவர்களில் பலர் விடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள், சிலர் மறுநாள் மத்தியானம். காரணம் தூரமில்லை, பாலத்தின் அகலம். ஊர் ஒழுங்கைகள் எல்லாம் வந்து ஒரு வீதியில் கொட்டுகின்றன, அந்த வீதி ஒரு பாலத்துக்குள் நுழைகிறது. பாலத்தில் ஒரு சைக்கிள் விழுந்தால் அதன் பின்னால் கிலோமீற்றர் கணக்கில் சனம் நிற்கும், ஏன் நிற்கிறோம் என்று பின்னுக்கு நிற்பவருக்குத் தெரியாது. தெரியாததால் நெருக்குவார்கள்.

செம்மணி வெளியில் மரமில்லை, வீடில்லை. ஒதுங்க இடமில்லாததால் பெண்களும் வளர்ந்த பெண் பிள்ளைகளும் பட்ட அவதி பெரிது. தண்ணீர் குடிப்பதையே நிறுத்தி வைத்தார்கள். விடியும்போது பலருக்குத் தலைச்சுற்று வந்ததற்கு இதுவும் காரணம். ஆண்கள் எழுதுகிற நினைவுகளில் இது வருவதே இல்லை.

இன்னொன்று. பிள்ளைகளைக் கைதடியிலோ மட்டுவிலிலோ இருத்திவிட்டு, வயதுபோனவர்களையோ மிச்சச் சாமானையோ எடுக்கத் திரும்பிப் போனவர்கள். எதிர்த்திசையில் போக வழியில்லாத இரவு அது. அப்படிப் போனவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது, பிள்ளைகள் இருந்த இடமும் அதற்குள் மாறிவிடும். “இந்த மரத்தடியை விட்டு அசையாதே” என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து கண்டுபிடித்தார்கள். மரத்தைச் சொல்லாமல் “இங்கே நில்” என்றவர்கள் தேடி அலைந்தார்கள். இருட்டில் ‘இங்கே’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

குடும்பநல உத்தியோகத்தர்

சாப்பாடும் தண்ணீரும் பற்றி. அவசரத்தில் புட்டு அவித்துக் கட்டினார்கள். தேங்காய்ப்பூப் போட்ட புட்டு சூட்டோடு பொலித்தீனில் கட்டினால் விடியமுன் புளித்துவிடும். பெரியவர்கள் தின்றுவிட்டுச் சமாளிப்பார்கள், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். வறுத்த அரிசிமாவோ உளுத்தம்மாவோ உலர்ந்த ரின்னில், பனங்கட்டி தனியாக, இதுதான் தாங்கும். கலந்து வைக்கக்கூடாது. பனங்கட்டி ஈரத்தை இழுத்து மாவைக் கட்டியாக்கும்.

பச்சைப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் கொடுத்த தாய்மார் தப்பினார்கள். பயத்தில் பால் வற்றிவிட்டதென்று நினைத்துப் போத்தலுக்கு மாறியவர்களுக்குத்தான் சிக்கல் தொடங்கியது. பயத்தால் பால் சுரப்பது நிற்பதில்லை, இறங்குவது கொஞ்சநேரம் தாமதமாகும். பிள்ளையைத் தொடர்ந்து மார்பில் போட்டால் இறங்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று சொல்ல ஆளிருக்கவில்லை என்பது இன்றைக்கும் மனதை உறுத்துகிற விசயம். போத்தல்தான் வழி என்றால், முலைக்காம்புச் சூப்பியைக் கழுவவோ அவிக்கவோ வழியில்லாத இடத்தில் கோப்பையும் கரண்டியும் பாதுகாப்பு. கோப்பையைச் சீலையால் துடைத்தாலும் சுத்தம் கண்ணுக்குத் தெரியும். சூப்பிக்குள் இருப்பது தெரியாது. பால்மாவைக் கூடத் தண்ணீர் விட்டு நீட்டினால் பிள்ளை பசியில் அழும், குறையத் தண்ணீர் விட்டால் வயிறு கெடும். ரின்னுக்குள் இருக்கிற கரண்டியைத் தொலைக்கக்கூடாது, அளவு அதில்தான் இருக்கிறது.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சீனித் தூள்) இல்லாவிட்டால்: கொதித்தாறிய தண்ணீர் 1 லீற்றர், மட்டமாக வழித்த தேக்கரண்டியில் சீனி 6, உப்பு அதே கரண்டியில் அரை. உப்புத்தான் கவனம். ‘ஒரு சிட்டிகை கூடினால் என்ன’ என்று போட்டால் பிள்ளைக்கு ஆபத்து. குடித்துப் பார்த்தால் கண்ணீரை விட உப்புக் கூடக்கூடாது. ஒரே மூச்சில் கொடுத்தால் வாந்தியாக வரும். கரண்டி கரண்டியாக, வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டுத் திரும்பவும்.

மழையில் நனைந்த பிள்ளைக்கு மேலே காய்ந்த போர்வை போர்த்துவதை விட முதலில் நனைந்த உடுப்பைக் கழற்ற வேண்டும். ஈர உடுப்பு உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காய்ந்த துணி ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது உடம்போடு ஒட்டி இருக்கட்டும், பொலித்தீன் வெளியே.

தென்மராட்சி ஆள்

மேலே உள்ளதோடு சேர்த்து. குடையை விரித்துக் கவிழ்த்துப் பிடித்து மழைத் தண்ணீர் ஏந்திக் குடித்ததைப் பலர் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் புதுக் கறுப்புக் குடைத்துணியில் சாயம் இறங்கும். முதல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பொலித்தீன் விரிப்பு இருந்தால் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து, நடுவைத் தாழ்த்தி, அதன் கீழே வாளி.

இங்கே வந்த பிறகு கிணற்றுப் பிரச்சினை வந்தது. தென்மராட்சி மணல் நிலம், நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படையாக நிற்கும், கீழே உவர். ஒரு வீட்டுக் கிணற்றில் நூறு பேர் அள்ளினால் மூன்றாம் நாள் தண்ணீர் கரிக்கும். விட்டு வைத்தால் ஊறும், ஆனால் யார் விட்டு வைப்பது? காலையும் பின்னேரமும் நேரம் வைத்து அள்ளிய வளவுகளில் கிணறு தப்பியது. மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 30 மீற்றருக்கு அப்பால் வெட்டச் சொல்வார்கள். கால் ஏக்கர் வளவுக்குள் பத்துக் குடும்பம் இருந்தால் அந்தத் தூரத்துக்கு எங்கே போவது. அதனால்தான் பிளீச்சிங் பவுடரும், கிணற்றுக்கு ஒரே வாளி என்ற ஒழுங்கும். ஆளாளுக்கு ஒவ்வொரு வாளியை இறக்கினால் நிலத்தில் வைத்த அடி அழுக்கு அத்தனையும் கிணற்றுக்குள்.

பதிவு வேலை தெரிந்தவர்

விட்டுப்போன சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளின் நினைவில் அது நிறைய வருகிறது. தகப்பன் இரவில் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் குழி வெட்டியது, மாட்டை அவிழ்த்து விட்டது. வெண்கலப் பாத்திரம், தையல் மெசின் தலை, தண்ணீர் பம் எல்லாம் புதைத்தார்கள், சிலர் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றில் இறக்கினார்கள். பாத்திரம் கிடந்து கறுத்தாலும் புளி போட்டு மினுக்கினால் வரும். தையல் மெசின் கிறீஸ் பூசாமல் போனால் இறுகிவிடும். கடதாசியைப் புதைத்தவர்கள் எல்லாம் இழந்தார்கள். ரங்குப்பெட்டிக்குள் வைத்துப் புதைத்தாலும் மாரியில் நிலத்து ஈரம் ஏறும், பிறகு கறையான்.

கையோடு கொண்டுபோக வேண்டியிருந்தது மெல்லிய கட்டு ஒன்றுதான்: பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம். சொப்பிங் பாக்கில் போட்டுக் காற்றை வெளியேற்றி முடிந்து, மறுபுறமாக இன்னொரு பாக். அதைச் சைக்கிளில் கட்டக்கூடாது, ஆளின் உடம்பில்தான். சைக்கிள் போனாலும் ஆள் போவார்.

பிள்ளையின் பிறப்புப் பத்திரம் தொலைந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதிவாளர் பிரிவும் பிறந்த திகதியும் தெரிந்தால் தேடுவது சுலபம். இடம்பெயர்ந்த இடத்தில் பிறந்து, பதியாமலே விடப்பட்ட பிள்ளைகளுக்குக் காலங்கடந்த பதிவு. பதிவேடே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் வரை போகும். இன்றைக்கும் இதற்காக அலைகிறவர்கள் உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியை

நினைவுகளைப் பதிகிறவர்களுக்கு மூன்று திறப்புகள் தருகிறேன்.

நிலா. 1995 ஒக்ரோபர் 24 அமாவாசை, அன்று சூரிய கிரகணமும் வந்தது. ஆகவே 30 ஆம் திகதி வானில் அரை நிலாதான், அதுவும் நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும், மேலே மழை முகில் வேறு. “முழு நிலவில் நடந்தோம்” என்பவர் இன்னொரு நாளைச் சொல்கிறார், நவம்பர் முதல் வாரத்துக்குப் பிந்திய ஒரு நகர்வாக இருக்கலாம். பொய் சொல்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

விமானம். “கிபிர் (ஜெட் போர்விமானம்) வந்தது” என்று பலர் சொல்வார்கள். கிபிர் இலங்கை விமானப்படையில் சேர்ந்தது 1996 இல்தான். 1995 இல் கேட்டது புக்காரா விமானமாகவோ ஹெலியாகவோ இருக்கும். குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியில் பின்னாளில் கேட்ட சத்தம் முந்திய இரவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளை மனதில் பயம் ஒன்றாகத்தான் சேமிக்கப்படுகிறது, திகதி வாரியாக இல்லை.

நாள். திகதி கேட்காதீர்கள். “தீபாவளிச் சட்டை போட்டிருந்தீர்களா? அம்மா கந்தசஷ்டி விரதம் பிடித்தவவா?” என்று கேளுங்கள். தீபாவளி முடிந்த மறுகிழமை அது, சஷ்டி விரதம் முடிந்த கையோடு வந்த திங்கள். விரதம் முடிக்கிற பாறணைச் சமையல் பாதியில் நின்ற வீடுகள் உண்டு. இப்படிக் கேட்டால் அடுப்படி வரும், அடுப்படியோடு மற்றதெல்லாம் வரும்.

தேவாலயத்துக்குள் போக மறுத்து அழுத பிள்ளைகளைப் பற்றிச் சொன்னால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதே ஆண்டு யூலை 9 நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயம் குண்டுவீச்சுக்கு உள்ளாகி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தஞ்சமடைந்திருந்தவர்கள் அவர்கள். நாலு மாதம்கூட ஆகவில்லை.

பாடசாலைகளில் அகதிகள் இருந்தபோது பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்த விதம்: மரத்தடி, வகுப்பு வகுப்பாக இல்லாமல் வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்று இரண்டு வட்டம். கொப்பி இல்லாததால் மணலில் எழுத்து. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இரண்டும் அழுவதை நிறுத்தும். பேரைக் கேட்டால் ‘தம்பி’, ‘குஞ்சு’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த சின்னவர்கள் இருந்தார்கள். தகப்பனின் முழுப்பெயரும் ஊரும் பாட்டாகச் சொல்லிப் பழக்கிய பிள்ளைகள் தவறினாலும் வந்து சேர்ந்தார்கள்.

கிளாலிக் கடல் தெரிந்தவர்

சுருக்கமாக. தென்மராட்சியோடு நிற்காமல் வன்னிக்குப் போனவர்கள் கிளாலியால் நீரேரி கடந்து பூநகரிப் பக்கம் இறங்கினார்கள். 1996 ஏப்ரலில் படை தென்மராட்சிக்குள் வந்தபோது பெருந்தொகையானவர்கள் வலிகாமத்துக்கே திரும்பினார்கள், மற்றவர்கள் கிளாலியால் வன்னிப் பக்கம். இரவுப் பயணம். எஞ்சின் பூட்டிய படகு முன்னுக்கு, பின்னால் மற்றப் படகுகள் கயிற்றில் தொடுத்து. பிள்ளைகளை விளிம்பில் இருத்தாமல் அடித்தட்டில், கால்களுக்கு நடுவில். அடித்தட்டில் உப்புத் தண்ணீர் நிற்கும், அதனால் கீழே உடுப்பு மூட்டையைப் போட்டு அதற்கு மேல். கயிறு இறுகும்போது படகு ஒரு இழுவை இழுக்கும், எழும்பி நிற்கிற பிள்ளை அப்போதுதான் விழும். சைக்கிளை விளிம்போடு படுக்க வைத்துக் கட்டுவார்கள். பெடல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துப் படகைக் கிழிக்கும், அதனால் ஒரு பெடலைக் கழற்றிப் பொக்கற்றுக்குள். வன்னியில் இறங்கியவர்களுக்கு அடுத்தது மலேரியா. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது பழகாத காய்ச்சல், கடுமையாகப் பிடித்தது.

புதியவர்

ஒரு கேள்வி. என்னிடம் நினைவைச் சொல்லிப் பதிந்த ஒருவருக்கு அப்போது ஐந்து வயது. வலக்காலில் குதிக்கு மேலே, பின்நரம்புப் பக்கம் பிறை மாதிரி ஒரு தழும்பு. அந்த இரவு வந்தது என்று வீட்டில் சொன்னார்களாம். எப்படி வந்தது என்று சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை. ஊர் கொக்குவில், பாதை செம்மணி.

சைக்கிள் திருத்துபவர்

பிறை மாதிரி, குதிக்கு மேலே என்றால் அது பெரும்பாலும் பின்சில்லு ஸ்போக் காயமாக இருக்கும். காரியரில் இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்கிற பிள்ளையின் குதி, ஸ்போக்குக்கும் பின்கம்பிக்கும் நடுவில் அகப்படும்போது வருகிற அடையாளம் அது. பாரில் இருந்த பிள்ளையின் குதி பின்சில்லில் அகப்படாது.

இன்னொன்றும் பாருங்கள். தள்ளிக்கொண்டு நடக்கிற வேகத்தில் கால் அகப்பட்டால் பெரும்பாலும் சில்லு நின்றுவிடும், தோல் உரசுகிறதோடு சரி. தழும்பு நிற்கிற அளவுக்கு வெட்டியிருந்தால் சில்லு வேகமாகச் சுற்றியிருக்கும், யாரோ ஏறி உழக்கியிருக்கலாம். செம்மணியிலும் பாலத்திலும் அன்றைக்கு உழக்க இடமில்லை. ஆகவே அது பெரும்பாலும் பாலம் தாண்டின பிறகு, சனம் கொஞ்சம் கலைந்து வீதி வெளித்த இடத்தில், கைதடிக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் எங்கேயோ நடந்திருக்கும். பிள்ளை காரியரில் நித்திரையாகிக் கால் தொங்கியிருக்கும். அவரிடம் கேட்டுப் பாருங்கள், காலில் என்ன துணி சுற்றினார்கள் என்று. நிறம் நினைவிருக்கும்.